முதுகு ஆஸ்பத்திரிக்காரர்கள் சாவுக்குப் போன நாள்

"வெட்ட மாட்டோம், சிஸ்டர்."

பிசேக்கி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மண்வெட்டிக் காம்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அவற்றின் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு, நாளைக்கு மழை வராது என்று சொல்வதைப் போலச் சொன்னான். அவனுக்குப் பின்னால் கலெம்பா ஊரின் குழி வெட்டும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

எனிஃபா வெயிலில் நின்றார். முதுகு உடைந்தவர்களுக்காக அவர் நடத்தும் ஆஸ்பத்திரியின் சாமான் அறையில், அங்கே நோயாளியாக இருந்த லுஃபேயோ என்ற பெரியவரின் உடல் காலையிலிருந்து கிடந்தது. அக்டோபர் மாதம், அந்தப் பக்கத்தில் வருடத்திலேயே கொடிய வெயில். மேலே தகரக் கூரை. நாளைக்குள் மண்ணில் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை, இருபது வருடம் நர்ஸாக இருந்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன தப்பு பண்ணினோம்னு சொல்லுங்க தம்பி. அபராதம்னா கட்டிடறேன். ஒரு ஆடு..."

"ஆடு எங்ககிட்டயும் இருக்கு."

பின்னால் ஒருவன் சிரித்தான். பிசேக்கி சிரிக்கவில்லை.

"ரெண்டு வருசத்துல ஊர்ல ஏழு சாவு. முதல் சாவுக்கு நீங்க வந்தீங்க, இல்லைன்னு சொல்லல. அப்புறம் ஆறு சாவு. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு கூடை சோளமாவு வந்துச்சு, விறகு வந்துச்சு. ஆள் வரல. எங்கம்மா செத்ததுக்கும் மாவுதான் வந்துச்சு. மாவு அழுமா, சிஸ்டர்?"

"நாங்க வந்துட்டா அங்க படுத்திருக்கறவங்களை யார் திருப்பிப் போடுறது?"

"அது உங்க பாடு. எங்க சாவு எங்க பாடுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப உங்க சாவு உங்க பாடு. மண்வெட்டி வேணும்னா தரேன், கொண்டு போங்க."

மண்வெட்டியைத் தருகிறேன் என்றதுதான் எனிஃபாவுக்கு உறைத்தது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் தாங்களே குழி வெட்டுவது அந்தப் பக்கத்தில் கிடையாது. ஊர் வெட்டும். ஊர் வெட்டவில்லை என்றால், செத்தவன் மட்டுமில்லை, அவனை வைத்திருந்த வீடே ஊருக்கு ஆகாத வீடு.

அவர் திரும்பி நடந்தார். நடக்கும்போது லுஃபேயோவைப் பற்றி அவர் நினைக்கவில்லை. உயிரோடு இருக்கும் பதினொரு பேரைப் பற்றி நினைத்தார்.

எனிஃபா இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியது ஒரு தபால்காரரால். அதற்கு முன்பு அவர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் இருந்தார். மாமரத்திலிருந்து விழுந்தவர்கள், மூட்டை லாரியின் உச்சியில் உட்கார்ந்து வந்து விழுந்தவர்கள், மணல் குழி சரிந்து மாட்டியவர்கள் என்று முதுகு உடைந்தவர்கள் அங்கே வந்துகொண்டே இருந்தார்கள். உடைந்த இடத்துக்குக் கீழே அவர்களுக்கு எதுவும் தெரியாது. வலியும் தெரியாது. வலி தெரியாததால் அசங்காமல் கிடப்பார்கள், கிடந்த இடத்தில் தோல் செத்துப் புண்ணாகும், புண் எலும்பு வரைக்கும் போகும். வார்டில் எண்பது பேருக்கு இரண்டு நர்ஸ். ஒரு நாள் சைக்கிளோடு பாலத்திலிருந்து விழுந்த அந்தத் தபால்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சிஸ்டர், கட்டிலுக்கு அடியில எலி ஏதும் செத்துக் கிடக்கா பாருங்க, நாறுது," என்றார். எனிஃபா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்ப்பது போல நடித்தார். அந்த நாற்றம் தபால்காரரின் இடுப்பிலிருந்துதான் வந்தது. பத்து நாளில் அவர் இறந்தார். அடுத்த மாதம் எனிஃபா வேலையை விட்டார்.

கலெம்பாவில் ஒரு பழைய புகையிலைக் கொட்டகை சும்மா கிடந்தது. அதைக் கேட்டு ஊர்த்தலைவரிடம் போனபோது அவர் நெடுநேரம் யோசித்தார்.

"உங்ககிட்ட வர்றவங்க நடப்பாங்களாம்மா?"

"மாட்டாங்க, தலைவரே."

"அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்கு?"

"உக்காருவாங்க. உக்காந்தா துணி தைக்கலாம், கடலை உரிக்கலாம், பெத்த பிள்ளையைக் கூப்பிட்டுத் திட்டலாம். படுத்தே கிடந்தா ஒண்ணும் முடியாது."

தலைவர் சிரித்துவிட்டார். கொட்டகை கிடைத்தது. பன்னிரண்டு கட்டில் போட்டார்கள். மெத்தையை மூன்று துண்டாக வெட்டி, எலும்பு அழுத்தும் இடத்தில் இடைவெளி விட்டுப் போட எனிஃபா தானே கற்றுக்கொண்டார். வேப்பமரத்தில் ஒரு லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அதை அடித்தால் எல்லாரையும் திருப்பிப் போட வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். உதவிக்கு இரண்டு பெண்கள்தான் என்பதால், ஒவ்வொரு நோயாளிக்கும் சொந்தக்காரர் ஒருவர் கூடவே தங்கி, களி கிண்டிப் போட்டு, இந்த வேலையையும் செய்தார். அந்தச் சொந்தக்காரர்கள்தான் ஆஸ்பத்திரி. அவர்கள் போய்விட்டால் மிஞ்சுவது ஒரு கொட்டகை.

முதல் சாவுக்கு எனிஃபா உதவிப் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். நாலு மணி நேரம். திரும்பி வந்தபோது சமலானி என்ற மூட்டை தூக்குபவன் விட்டுவிட்டுப் போன அதே இடத்தில் மல்லாக்கக் கிடந்தான். அவனோடு இருந்த அண்ணனும் சாவைப் பார்க்கப் போய்விட்டிருந்தான். இடுப்புக்குக் கீழே ஒரு சிவந்த வட்டம். மூன்று வாரத்தில் அந்த இடத்தில் ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்குக் குழி. அன்றைக்கு எனிஃபா முடிவு செய்தார், இனி சாவுக்கு யாரும் போகக் கூடாது என்று. சமலானி ஒன்றரை வருடமாகச் சக்கரம் வைத்த பலகையில் குப்புறப் படுத்துதான் உலகத்தைப் பார்க்கிறான். புண் இப்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தது.

எனிஃபா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மலிட்டா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் ஜைலோசி பள்ளிக்கூட வாத்தியார். மினிபஸ் கவிழ்ந்து கழுத்து உடைந்தவர்.

"என்ன மலிட்டா இது?"

"வெட்ட மாட்டேன்னுட்டாங்கல்ல? கிணத்தடியில எல்லாரும் பேசிக்கறாங்க."

"பேசிப் பாக்கலாம்."

"இவர் செத்தா நான் யார் கால்ல விழறது, சிஸ்டர்? எங்க ஊர்னா மாமன் மச்சான் வந்து வெட்டுவாங்க. நாளைக்குக் காலையில மாட்டு வண்டி வரச் சொல்லிட்டேன். நான் மட்டுமில்ல, நாலு பேர்."

"நான் இன்னும் சாகல, மலிட்டா," என்றார் ஜைலோசி கூரையைப் பார்த்தபடி. "என்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம்."

"நீங்க சும்மா இருங்க. பிணத்தை அறையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். இது ஒரு வீடா?"

எனிஃபா அந்த மூட்டையைப் பார்த்தார். இதுவரைக்கும் பாதியில் வீட்டுக்குப் போனவர்கள் மூன்று பேர். வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட யாரால் முடியும்? சோளக்கொல்லை இருக்கிறது, தண்ணீர் தூக்க வேண்டும், பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருவரும் அடுத்த மழையைப் பார்க்கவில்லை. நாளைக்கு நாலு வண்டி போனால் மற்றவர்களும் போவார்கள். லுஃபேயோவுக்கு ஒரு குழி கிடைக்கவில்லை என்றால், வருடம் முடிவதற்குள் இந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு எங்கெங்கேயோ பதினொரு குழிகள் வெட்டப்படும்.

மதியம் இரண்டு மணிக்கு ஊர்ப் பக்கமிருந்து பெண்களின் அலறல் கேட்டது. சற்று நேரத்தில் செய்தி வந்தது. ஊர்த்தலைவரின் அக்கா இறந்துவிட்டார். நாளைக்கு அடக்கம்.

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் எனிஃபாவைப் பார்த்தார்கள்.

"சிஸ்டர்," என்றான் சமலானி பலகையிலிருந்து தலையைத் தூக்கி. "பிசேக்கி என்ன கேட்டான்? ஆள் வரணும்னானா, கால் வரணும்னானா?"

"ஆள் வரணும்னான்."

"நாங்க ஆள்தானே?"

"விளையாடாதே. ஒண்ணரை கிலோமீட்டர். நடுவுல ஆத்து மணல். உன் புண்ணுக்கு ஒரு குலுக்கல் போதும்."

"எல்லாரும் வண்டியேறிப் போயிட்டா அப்புறம் நான் இந்தப் பலகையில தனியாப் படுத்துக்கிட்டு யாருகூட வாயாடுறது? கட்டிலோடயா?"

எனிஃபா முடியாது என்றார். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். திரும்பி வந்து, காய்ச்சல் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டார். இரண்டு பேர். அவர்களுக்கு ஒரு உதவிப் பெண். மீதி ஒன்பது பேர். "எட்டு மணிக்குக் கிளம்பறோம். வண்டி வந்தா, சாவுக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம்னு வண்டிக்காரங்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் காலையில் மலிட்டா தன் கணவருக்கு வாத்தியார் கோட்டைப் போட்டுவிட்டாள். இடுப்பிலிருந்து பாதம் வரை இரண்டு புதுச் சேலைத் துணிகளை இறுக்கிச் சுற்றினாள். சாவு வீட்டுக்குப் போகிறோம் என்றால் மதிப்பாகப் போக வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ஊர்வலம் மெதுவாகப் போனது. சக்கர நாற்காலிகள் நாலு, பலகைகள் மூன்று, ஒரு மாட்டு வண்டியில் மெத்தை போட்டு இரண்டு பேர். காய்ந்த ஆற்றில் சக்கரங்கள் புதைந்தன. பெண்கள் பலகையை நாலு மூலையிலும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருத்திக்குக் கால் இடறியது. பலகை ஒரு பக்கம் சரிந்து மணலில் இடித்தது.

"பாத்து அக்கா," என்றான் சமலானி. "நான் மூட்டை தூக்கின காலத்துல ஒரு மூட்டையைக்கூட இப்படிப் போட்டதில்ல."

எனிஃபா அவன் முகத்தைப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வலி தெரியாதவன் சிரிப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

சாவு வீட்டு முற்றத்தில் முந்நூறு பேராவது இருந்தார்கள். பாட்டு நின்றது. ஒரு கர்ப்பிணிப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழி வெட்டிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த பிசேக்கியின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கிழவி தன் பாயைச் சுருட்டி நகர்த்தி, நிழலில் இடம் விட்டாள். பலகைகள் அங்கே போய் நின்றன. பெண்கள் மீண்டும் பாட ஆரம்பித்தார்கள்.

பத்து மணிக்கு எனிஃபா கண்ணைக் காட்டினார். சொந்தக்காரர்கள் சத்தமில்லாமல் எழுந்து, படுத்திருந்தவர்களைத் திருப்பினார்கள். முற்றம் முழுவதும் அதைப் பார்த்தது.

தலைவர் பேச எழுந்தார். தலைவர் சாவு வீட்டில் பேசும்போது யாரும் நிற்கக் கூடாது, நடக்கக் கூடாது, குழந்தையை வெளியே தூக்கிப் போவதென்றால்கூடத் தவழ்ந்து போக வேண்டும். அக்கா தன்னை வளர்த்த கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனிஃபாவின் காதருகே ஜைலோசி முனகினார்.

"சிஸ்டர். தலை."

"என்ன தலை?"

"வெடிக்குது."

எனிஃபா திரும்பினார். ஜைலோசியின் முகமும் கழுத்தும் சிவந்து, நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. கையைத் தொட்டால் மயிர்கள் சிலிர்த்து நின்றன. கழுத்து உடைந்தவர்களுக்கு இது வரும். உடம்பின் கீழே ஏதாவது அடைத்தால், வலியாகத் தெரியாத அந்தச் செய்தி ரத்த அழுத்தமாக மாறித் தலைக்கு ஏறும். சில நிமிடம் விட்டால் மூளைக்குள் ரத்தக் குழாய் வெடிக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு, சிறுநீர்க் குழாய் அடைப்பு.

அவர் துணிக்குள் கையை விடப் பார்த்தார். இறுகக் கட்டியிருந்தது. மலிட்டா அந்தக் கையைப் பிடித்தாள்.

"இங்க வேண்டாம், சிஸ்டர்."

"குழாய் எங்க?"

"தலைவர் பேசறார். முடிஞ்சதும் பாக்கலாம். எல்லாரும் இருக்காங்க."

"மலிட்டா, குழாயை என்ன பண்ணினே?"

அவளுடைய கண்கள் நிறைந்தன. எனிஃபாவுக்குப் புரிந்துவிட்டது. முந்நூறு பேர் கூடும் இடத்தில் தன் புருஷன், வாத்தியார், மூத்திரப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. குழாயை மடித்துக் கட்டி மறைத்துவிட்டாள்.

இப்போது எழுந்தால் தலைவரை அவமதித்ததாகிவிடும். அவருடைய அக்காவின் சவப்பெட்டிக்கு முன்னால். அதற்குப் பிறகு பிசேக்கியிடம் கேட்க வாயிருக்காது. வண்டிகள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கின்றன. எனிஃபா இத்தனையையும் நினைத்தார். நினைத்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. உதவிப் பெண்ணின் கத்தரிக்கோலால் இரண்டு துணியையும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை வெட்டினார். தொடைக்கு அடியில் குழாய் இரண்டாக மடிக்கப்பட்டு, நாடாவால் கட்டப்பட்டிருந்தது. பை காலியாக, சப்பையாகக் கிடந்தது. நாடாவை வெட்டிக் குழாயை நீட்டிவிட்டு, பையைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தார். மஞ்சளாக, கலங்கலாக அது நிறைய ஆரம்பித்தது. தலைவர் பேச்சை நிறுத்தியிருந்தார். எனிஃபா ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜைலோசியின் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி நாடியைப் பார்த்தார். சுத்தியல் அடிப்பதைப் போல இருந்தது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ண எண்ண அது தணிந்தது. முகத்தின் சிவப்பு கழுத்திலிருந்து இறங்கிப் போனது.

"இப்ப எப்படி?"

"இருக்கேன்," என்றார் ஜைலோசி.

அப்போதுதான் பிசேக்கி தன் பக்கத்தில் நிற்பதை எனிஃபா கவனித்தார். குழி வெட்டுகிறவர்களுக்கு மட்டும் சாவு வீட்டில் எழவும் நடக்கவும் கேலி பேசவும் உரிமை உண்டு.

"என்ன ஆச்சு இவருக்கு?"

"மூத்திரம் அடைச்சா தலைக்கு ஏறும். அடைச்சிருக்குன்னு அவர் உடம்பு அவருக்குச் சொல்லாது. நாமதான் பாக்கணும்."

"பாக்கலைன்னா?"

"செத்திருப்பார்."

பிசேக்கி பையைப் பார்த்தான். "இதுக்காகத்தான் நீங்க வர்றதில்லையா?"

"இதுக்காகவும்தான்."

ஆண்கள் பக்கமிருந்து ஒரு பெரியவர் குரலை உயர்த்தினார். தலைவர் பேசும்போது எழுந்து நின்றது, அதுவும் ஒரு பெண், அதுவும் இப்படி ஒரு காரியம், இதைச் சும்மா விடக் கூடாது என்றார்.

"பெரியப்பா," என்றான் பிசேக்கி, "காலையிலேருந்து பாறையைக் குத்தி ஒரு குழி வெட்டியிருக்கோம். கை எரியுது. வாத்தியாருக்கு ரெண்டாவது வெட்டணும்னா நீங்க வந்து வெட்டறீங்களா?"

பெண்கள் பக்கம் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. எனிஃபாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு, தலைவரே."

"அப்ப நின்னுக்கிட்டே செய்யுங்க," என்றார். விட்ட இடத்திலிருந்து அக்காவின் கதையைத் தொடர்ந்தார்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலையும்போது பிசேக்கி குழிக்கு அளவெடுக்கும் ஒரு நாணல் தட்டையோடு வந்தான்.

"உங்க ஆளோட நீளம் என்ன?"

எனிஃபா அந்தத் தட்டையைப் பார்த்தார். "அளக்கல," என்றார்.

"நாங்க அளந்துக்கறோம். ஆனா ஒண்ணு. அடுத்த சாவுக்கும் வரணும்."

"ஒன்பது பேரைக் கொண்டு வர முடியாது தம்பி. இன்னிக்கு வந்ததே ஒரு கிறுக்குத்தனம்."

"மூணு பேர்."

"ரெண்டு. நானும் வரேன்."

"சரி ரெண்டு. வாத்தியார் மட்டும் வேண்டாம். அவரைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

பொழுது சாய்வதற்குள் லுஃபேயோவை அடக்கம் செய்தார்கள். தங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருக்கு ஊர்ப் பெண்கள் பாடினார்கள்.

ஆஸ்பத்திரியில் மலிட்டா மூட்டையைப் பிரித்து, வெட்டுப்பட்ட துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனிஃபா அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தார். "ஒட்டுப் போட்டுக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காத்திருந்த நாலு வண்டிகளில் மூன்று காலியாகத் திரும்பியிருந்தன. நாலாவது காலியாகப் போகவில்லை. காய்ச்சலோடு விட்டுப் போன இரண்டு பேரில் டாமியானோ என்ற இளைஞனை, எல்லாரும் சாவு வீட்டில் இருந்தபோது அவனுடைய மாமா ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தனியாக இருந்த உதவிப் பெண் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை.

ஒன்பது பேரின் தோலையும் எனிஃபா ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். எட்டுப் பேருக்கு ஒன்றும் இல்லை. சமலானியின் கட்டைப் பிரித்தபோது பஞ்சு சிவப்பாக வந்தது. நகம் அளவுக்கு மூடியிருந்த புண் நீளமாகப் பிளந்திருந்தது.

"சொல்லுங்க சிஸ்டர். எத்தனை மாசம்?"

"நாலு. அஞ்சாகலாம்."

அவன் முகத்தைப் பலகையில் வைத்துக்கொண்டான். "டாமியானோவைப் போய்ப் பாருங்க," என்றான் பிறகு. "எனக்கு இங்க திருப்பிப் போட ஆள் இருக்கு."

மறுநாள் காலை எனிஃபா மெத்தைத் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பிசேக்கி சைக்கிளோடு நின்றான். டாமியானோவின் ஊருக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர்.

"நீங்க போய்ச் சொன்னா அந்த மாமா நம்ப மாட்டார். வெட்டறவன் போய்ச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"'உங்க பையன் அங்க செத்தா நான் வெட்டறேன்'னு சொல்லுவேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க தம்பி."

"வேற எப்படிச் சொல்றது? பின்னால ஏறுங்க."

போய்ச் சேர்ந்தபோது மாமா வாசலிலேயே வழி மறித்தார். பிசேக்கி அவரிடம் தன் ஊரையும் தன் வேலையையும் சொல்ல ஆரம்பித்தான். எனிஃபா காத்திருக்கவில்லை. இருவரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். டாமியானோ மண் தரையில் ஒரு பாயில் மல்லாக்கக் கிடந்தான். நேற்று மதியத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறான்.

"பேச்சு அப்புறம்," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். "ரெண்டு பேரும் முதல்ல இங்க வாங்க. மாமா, நீங்க தோளைப் பிடிங்க. தம்பி, நீங்க முழங்காலுக்கு அடியில கையைக் குடுங்க. இழுக்கக் கூடாது, தூக்கணும். மூணு எண்ணுவேன்."